தண்ணீர் குடிக்காத துணி

இரண்டு கட்டைவிரல்கள் துணியின் ஓரத்தைப் பிடித்து நீள இழுத்து, மெல்ல விட்டன. துணி பழைய இடத்துக்கே வந்து நின்றது. மறுபடி இழுத்தன, இந்த முறை குறுக்கே. அதுவும் திரும்பியது. பிறகு அந்தக் கைகள் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் முக்கி, ஒரே பிழியாகப் பிழிந்து, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தன. காய்ந்த துண்டுக்கும் நனைந்த துண்டுக்கும் கனத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஈரத் துண்டை வெள்ளை மல் துணியில் வைத்து அழுத்தித் தேய்த்தன. மல்லில் சாயம் இறங்கவில்லை.

இடக்கையின் விரல் நுனிகளில் ரேகை மழுங்கியிருந்தது. சின்ன வயதில் முந்திரிக்கொட்டை உடைத்த கைகள் அப்படித்தான் ஆகும். கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து, வளர்ந்து, மறுபடி உரிந்த விரல்கள் அவை.

கத்தரிக்கோல் சாக்பீஸ் கோட்டை ஒட்டியே போனது. இடுப்பு வளைவுக்கு வந்ததும் கை தானாகக் கோட்டை விட்டு வெளியே விலகப் பார்த்தது. இரண்டு விரல் அகலம் கூடுதலாக விடுவது அந்தக் கைக்கு ஊறிப்போன பழக்கம். நின்றது. பிறகு கோட்டுக்கே திரும்பி, கோட்டின் மேலேயே வெட்டிக்கொண்டு போனது. வெட்டி முடித்ததும் கீழே விழுந்த ஆரஞ்சுத் துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடியது.

ஆறு வயதுக் குழந்தைக்கு நீச்சல் உடை. கை முட்டி வரைக்கும், கால் முழங்கால் வரைக்கும். போட்டுக்கொள்ளப் போகிறவள் பெயர் மஞ்சு. மஞ்சுவின் அக்கா லாவண்யாவுக்கும் போன வருடம் இதே மெஷினில்தான் ஒரு நீச்சல் உடை தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு இறங்கியவள், அப்புறம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை.

இரண்டையும் தைத்தவள் அவர்களுடைய அத்தை தேவயானி.

அரியலூர் கடைத்தெருவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் தேவயானியின் தையல் கடை இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் தைப்பாள். யாரிடமும் உட்கார்ந்து கற்றுக்கொண்டதில்லை. செந்துறைப் பக்கத்து ஊரில், முந்திரிக்காட்டு வேலைக்குப் போன காத்தாயியின் மூத்த மகள் அவள். அம்மாவுக்கு யாரோ கொடுத்த பழைய ஜாக்கெட்டைத் தையல் தையலாகப் பிரித்து, தரையில் பரப்பி, எந்தத் துண்டு எதோடு எப்படிச் சேர்ந்தது என்று பார்த்து, அதை அப்படியே திரும்பத் தைத்ததுதான் அவளுடைய முதல் பாடம். திரும்பத் தைத்ததில் ஒரு கை உள்பக்கம் வெளியே வந்துவிட்டது. அதையும் பிரித்தாள். இன்றைக்கும் கடைக்குப் புதுமாதிரி உடுப்பு எது வந்தாலும் முதலில் திருப்பிப் போட்டு உள்தையலைத்தான் பார்ப்பாள்.

அவளுக்கென்று இரண்டு சட்டங்கள் இருந்தன. குழந்தைக்குப் பருத்தியைத் தவிர வேறு துணி தைக்கக் கூடாது. குழந்தை உடுப்பில் வளர்ச்சிக்கு இடம் வைக்காமல் தைக்கக் கூடாது.

முதல் சட்டம் ஓர் ஆட்டினால் வந்தது. தையல் தொடங்கிய புதிதில் வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தாள். நைலான் துணுக்குகளை வாரிக் கொல்லையில் கொட்டுவாள். அம்மாவின் வெள்ளாடு அவற்றைத் தின்று, வயிறு உப்பி, கால்களை உதறி உதறிச் செத்தது. அறுத்தபோது உள்ளே சிவப்பும் பச்சையுமாகப் பந்து சுருட்டியிருந்த துணி, அவள் வெட்டிய வடிவம் மாறாமல் இருந்தது. "அது வயித்துல செமிக்காதது மண்ணுல மட்டும் செமிச்சுடுமா?" என்று காத்தாயி கேட்டாள். பருத்தி அப்படியில்லை. ஒரு பிள்ளை போட்டு, தம்பி தங்கை போட்டு, கரித்துணியாகி, கடைசியில் முருங்கை மரத்தடியில் மட்கி மண்ணாகிவிடும். தேவயானி பருத்தியைப் பிடித்துக்கொண்டாள். உடம்புக்கும் நல்லது, வேர்க்குரு வராது. பிள்ளை பெற்றவர்கள் அவளைத் தேடி வர அதுவே காரணமானது.

இரண்டாவது சட்டம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். வளர்கிற பிள்ளை. இடுப்பில் உள்ளே மடித்துத் தைத்த இரண்டு டக், கீழே அகல மடிப்பு. வருடத்துக்கு ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் உடுப்பும் பிள்ளையோடு சேர்ந்து வளரும். தேவயானி பிடிக்கிற டக் வெளியே தெரியாது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

போன வருடம் கோடை லீவு தொடங்கிய வாரத்தில் தம்பி மணிவண்ணன் லாவண்யாவைக் கையில் பிடித்துக்கொண்டு கடை மாடி ஏறி வந்தான்.

"அக்கா, பாப்பாவ நீச்சலுக்குச் சேத்துட்டேன்."

"எங்கடா?"

"பெரம்பலூர்ல. ஒரு ஸ்கூல்ல நீச்சல்குளம் கட்டி வெச்சுருக்காங்க. லீவுல வெளிப்புள்ளைங்களுக்கும் சொல்லித் தராங்களாம்."

"முழங்கால் தண்ணியில நின்னா தல சுத்துதுன்னு சொல்றவன் பெத்த புள்ளைக்கு நீச்சலா?"

"அதுக்குத்தாங்க்கா. நம்மள்ல ஒருத்தராச்சும் மெதக்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அது சிரிப்புக்குச் சொன்னதில்லை என்று தேவயானிக்குத் தெரியும். அவர்கள் ஊரில் படிக்கட்டு வைத்த பெரிய கிணறு ஒன்று இருந்தது. கோடையில் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மேலிருந்து குதிக்கும் சத்தம் களத்துமேடு வரை கேட்கும். இவர்கள் தெருப் பிள்ளைகள் அதில் இறங்கக் கூடாது. வேலியோரம் நின்று, தெறிக்கிற தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவார்கள். அக்காவும் தம்பியும் அப்படி நின்றவர்கள். இப்போது மணிவண்ணன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குழிகளில் மழைத்தண்ணீர் நிறைந்து பச்சையாகப் பளபளப்பதையும், அதை எட்டிப் பார்க்கப் பிள்ளைகள் சைக்கிளில் போவதையும் தினமும் பார்க்கிறவன். மகளுக்கு நீச்சல் தெரியாமல் அவனுக்குத் தூக்கம் வராது.

"டிரெஸ்ஸு ஒடம்போட ஒட்டி இருக்கணுமாம். லூசா இருக்கக் கூடாதாம். நல்லாப் பளிச்சுனு கலரு. மாஸ்டர் சொன்னாரு."

"அந்த ரப்பர் மாரி இழுக்கற துணியா? பிஞ்சு ஒடம்புல அதப் போட்டு வெயில்ல நிறுத்துவாரா அவரு? நீச்சல அவரு சொல்லட்டும். துணிய நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தையை அவள் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

ஒன்பது வயது லாவண்யா அலமாரியில் இருந்த ஆரஞ்சுத் துணியைக் காட்டி, "அது அத்தை" என்றாள்.

"தண்ணிக்குப் போறவளுக்கு நீலம்தான்டி பொருத்தம்" என்றாள் தேவயானி.

நல்ல பனியன் பருத்தியாகத் தேடி எடுத்தாள். விடிகாலை வானத்தின் நிறம். நனைந்தால் உடம்பு தெரியக் கூடாது என்று உள்ளே பருத்தி லைனிங் கொடுத்தாள். பெண்பிள்ளை என்று இடுப்பைச் சுற்றிக் குட்டையாக ஒரு பாவாடை வைத்தாள். அடுத்த இரண்டு கோடைக்கும் ஆகட்டும் என்று இடுப்பில் டக் பிடித்தாள். வேறு எந்த உடுப்புக்கும் அவ்வளவு கவனம் எடுத்ததில்லை. லாவண்யா போட்டுக்கொண்டு கண்ணாடி முன் ஒரு சுற்று சுற்றினாள்.

"யாரு தைச்சதுன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"எங்க அத்தைன்னு சொல்லுவேன். கம்பெனி பேரு அத்தை."

முதல் சில நாட்கள் இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் உதைக்கும் பாடம். வகுப்பு விட்டு வந்த பிள்ளை ஒருநாள், "அத்தை, டிரெஸ் கீழ இழுக்குது" என்றாள்.

"புதுத்துணி அப்புடித்தான் இருக்கும். ரெண்டு தரம் நனைஞ்சா சரியாப்பூடும்."

பிள்ளை நம்பினாள். அத்தை துணியைப் பற்றிச் சொன்னது எதுவும் அதுவரை பொய்த்ததில்லை.

ஆழப் பக்கத்தில் முதல்முறை குதிக்கும் நாளில் தேவயானி கடையைச் சாத்திவிட்டு, தம்பி பெண்டாட்டி சக்தியோடு பஸ் ஏறிப் போனாள். தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். குளம் முழுக்க நீல ஓடு பதித்திருந்தது. அவ்வளவு தண்ணீரை அவ்வளவு சுத்தமாக அவள் பார்த்ததில்லை. மற்ற பிள்ளைகள் மஞ்சளும் கறுப்பும் ரோஸுமாக வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே லாவண்யாவின் உடைதான் அழகாக இருக்கிறது என்று தேவயானி நினைத்தாள். சக்தியிடம் சொல்லவும் செய்தாள்.

லாவண்யா குதித்தாள். பாவாடை ஒரு நொடி குடை மாதிரி விரிந்தது, அமுங்கியது. பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் குதித்தார்கள். தண்ணீர் கலங்கி அலையடித்தது.

மாஸ்டர் பாலசுந்தரம் தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், சட்டென்று நின்றார். "லாவண்யா எங்க?"

தேவயானி எழுந்து நின்று பார்த்தாள். தண்ணீர் தெரிந்தது, ஓடு தெரிந்தது. அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்து எடுத்து, வெட்டி, தைத்து, பொத்தான் வைத்தவள் அவள். அவள் கண்ணுக்கே அது தெரியவில்லை. நீலத்தோடு நீலமாகக் கிடந்தது.

பாலசுந்தரம் குதித்தார். மேலே வந்தபோது அவர் கையில் பிள்ளை இருந்தாள். சிமெண்டுத் தரையில் கவிழ்த்து முதுகைத் தட்டினார். இருமினாள், தண்ணீர் வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

உடம்பைத் துடைத்துத் துண்டைச் சுற்றிய பிறகு, கழற்றிப் போட்ட உடையை பாலசுந்தரம் தூக்கினார். இடுப்பு மடிப்புகளிலிருந்து இன்னும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இது ஒரு குடம் தண்ணி கொள்ளுமே. யாரு தைச்சது?"

"நான்தாங்க."

"பருத்தியா?"

"நல்ல பருத்திங்க."

"நல்ல பருத்தின்னா நல்லாத்தாம்மா குடிக்கும்" என்றார். திட்டவில்லை. உடையைக் கம்பியில் போட்டுவிட்டு மற்ற பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

பஸ்ஸில் லாவண்யா அம்மாவின் மடியில் படுத்திருந்தாள். ஈர உடை இருந்த பை தேவயானியின் மடியில் இருந்தது. அரியலூர் வந்து சேரும்வரை அது சொட்டிக்கொண்டே வந்தது. இறங்கும்போது அவள் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. "விடுக்கா, புள்ள நல்லாருக்குல்ல" என்றான் மணிவண்ணன். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. லாவண்யா அதன் பிறகு குளத்துக்குப் போகவில்லை. தலைக்கு ஊற்றும்போது கண்ணை மூட மாட்டாள். சொம்பில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் திருமழபாடிக்குப் போனபோது கொள்ளிடத்தைப் பார்த்ததும் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டில் முதல்முதலாகத் தண்ணீரில் இறங்கிய பிள்ளை. அவளை இறக்கிவிட்டவர்களும் இவர்கள்தான், தண்ணீரே வேண்டாமென்று ஏறவைத்தவர்களும் இவர்கள்தான்.

மழை விட்ட பிறகு ஒருநாள் தேவயானி தனியாகப் பெரம்பலூர் போய் பாலசுந்தரத்தைப் பார்த்தாள்.

"என்ன துணி தைக்கணும்னு சொல்லுங்க மாஸ்டர். இந்தத் தடவ நான் கேட்டுக்கறேன்."

"நீ ஒரு தரமாச்சும் தண்ணியில எறங்கியிருக்கியாம்மா?"

"இல்லைங்க. எங்களுக்கு எறங்கக் கெணறு இல்லைங்க."

அவர் அவளைக் குளத்தின் ஓரப் படியில் உட்காரச் சொல்லி, புடவைத் தலைப்பைத் தண்ணீரில் விட்டுப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தாள். தலைப்பு தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கீழே போனது. கையைப் பிடித்து இழுப்பது போலிருந்தது. அவ்வளவு நாள் துணியோடு பழகியும் துணிக்கு இப்படி ஒரு குணம் உண்டென்று அவள் கை அறிந்திருக்கவில்லை.

தம்பி வீட்டு வாசலில் சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. அந்த மாசி மாதத்தில் தேவயானி அதைக் கழுவி, உள்ளே நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்து, தண்ணீர் நிரப்பினாள். கடையிலிருந்து எல்லா நிறத்திலும் துண்டு கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் கூழாங்கல்லைக் கட்டிப் போட்டாள். கையால் தண்ணீரைக் கலக்கிவிட்டு எட்ட நின்று பார்த்தாள். வெள்ளை கண்ணிலிருந்து போயிற்று. சாம்பல் போயிற்று. நீலத்தில் எந்த நீலமும் தங்கவில்லை.

சக்தி ஒரு பாலிதீன் பையோடு வெளியே வந்தாள். நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தத் தடவ மஞ்சுவச் சேக்கறோம். அதுக்குக் கடையிலயே வாங்கிப்புட்டேன்."

மஞ்சு அப்பனைப் போல இல்லை. தொட்டியைப் பார்த்தாலே குதிக்கப் பார்ப்பாள். தேவயானி கையை நீட்டி அந்த உடையை வாங்கித் தடவினாள். இழுக்கிற துணிதான், லேசாக இருந்தது. நிறம் வெளிர் நீலம், நெஞ்சில் ஒரு மீன்.

"இதயும் போட்டுப் பாக்கட்டுமா சக்தி?"

"போடுங்க. தண்ணிக்குத்தான வாங்குனது."

போட்டாள். கலக்கினாள். மீன் மட்டும் தெரிந்தது. சக்தி எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்த ஆரஞ்சு தெரியுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. லாவண்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தொட்டிக்குக் கிட்டே வரவில்லை. "இங்கேருந்தே தெரியுது அத்தை."

"நீதான்டி அன்னைக்கே சொன்ன" என்றாள் தேவயானி.

"சரி அண்ணி, நீங்களே தைங்க" என்றாள் சக்தி. "ஆனா தண்ணியில போட்டு நான் ஒரு தரம் பிழிஞ்சு பாத்துட்டுத்தான் போட விடுவேன்."

துணி தேடுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. பருத்தி ஆகாது. நைலானைத் தொட மனம் ஒப்பவில்லை. ஆட்டின் வயிறு கண்ணில் வந்து நின்றது. கிழிந்து எறிந்த மீன்வலைகளை உருக்கி நூலாக்கி நெய்கிற துணி ஒன்று இருப்பதாகத் திருப்பூர்க்காரர் ஒருவர் சொன்னார். அதுவும் நைலான்தான். ஆனால் கடலில் கிடக்க வேண்டிய குப்பை மேலே வந்து துணியாகியிருக்கிறது. அந்த மட்டில் அவளுக்குச் சம்மதம். முதலில் வந்த துணியில் மருந்து வாடை அடித்தது, திருப்பி அனுப்பினாள். அடுத்ததில் சாயம் மல்லில் ஒட்டியது, அதையும் அனுப்பினாள். மூன்றாவதாக வந்த துணியை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, தன் முன்கையில் இறுகச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்தாள். அரிப்போ தடிப்போ இல்லை. தோலுக்குக் கேடான சாயம் இல்லை என்று ஆலை சோதித்து வாங்கிய சான்றையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். "ஒரு புள்ள டிரெஸ்ஸுக்கா இவ்ளோ கேள்வி?" என்று திருப்பூர்க்காரர் போனில் சலித்துக்கொண்டார். "ஆமாங்க, ஒரு புள்ளைக்குத்தான்" என்றாள்.

துவைக்கும்போது துணியிலிருந்து பஞ்சு போல உதிர்வது வாய்க்காலில் போகாமல் இருக்க, உடையைப் போட்டுத் துவைக்க நெருக்கமான துணியில் ஒரு பையும் தைத்தாள். வெட்டிய துணுக்குகளுக்கு அந்த பிஸ்கட் டப்பா.

துணியை இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தாள். மஞ்சுவை அளவெடுத்து முடித்துவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டபடி லாவண்யாவைப் பார்த்தாள். லாவண்யா போன வருடத்தைவிட நன்றாக உயர்ந்திருந்தாள்.

"எனக்கு வேணாம் அத்தை."

"சும்மா அளவு மட்டும்…"

"வேணாம் அத்தை."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மிச்சத் துணி மடித்தபடியே அலமாரியில் இருக்கிறது.

சித்திரையில் வகுப்பு தொடங்கிய அன்று எல்லோருமே போனார்கள். மணிவண்ணன் லாரிக்கு லீவு சொல்லியிருந்தான். லாவண்யாவை விட்டுவிட்டு வர ஆளில்லை, அவளும் வந்தாள். கூரைக்குக் கீழே குளத்தைவிட்டு எட்ட இருந்த பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். பாலசுந்தரம் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். கூப்பிடவில்லை.

மஞ்சு இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள். "குடுங்க அத்தை, குடுங்க அத்தை, எல்லாரும் போறாங்க!"

தேவயானி பையிலிருந்து உடையை எடுத்தாள். முதலில் சக்தியிடம் நீட்டினாள், பிழிந்து பார்க்கிறேன் என்றவள் அவள்தான். சக்தி கை நீட்டுவதற்குள் பெஞ்சிலிருந்து லாவண்யா இறங்கி வந்தாள்.

"குடு அத்தை."

வாங்கிக்கொண்டு குளத்தை நோக்கி நடந்தாள். மணிவண்ணன் ஓரடி எடுத்து வைத்தான். தேவயானி அவன் கையைப் பிடித்தாள். லாவண்யா ஓரக் கம்பியை ஒரு கையால் இறுகப் பிடித்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு மற்ற கையால் உடையைத் தண்ணீருக்குள் விட்டாள். மணிக்கட்டு வரை கை உள்ளே போயிற்று. ஆரஞ்சு நிறம் நீலத்துக்குள் பளிச்சென்று நின்றது. அப்படியே வைத்திருந்து, தூக்கினாள். தண்ணீர் வழிந்து ஓடிவிட்டது. எழுந்து வந்து ஒரே பிழியாகப் பிழிந்து, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். கடையில் அத்தை செய்வது போலவே செய்தாள். அப்புறம் உடையைத் திருப்பி இடுப்பின் உள்பக்கம் விரலை ஓட்டினாள்.

"டக் வெக்கலியா அத்தை?"

"வெக்கலடா."

"அடுத்த வருஷம் அவளுக்குப் பத்தாதே."

"பத்தாதுதான். பத்தலன்னா வேற தைப்போம்."

அலமாரியில் இருக்கும் மிச்சத் துணிக்கு அளவெடுக்கட்டுமா என்று தேவயானிக்குக் கேட்கத் தோன்றியது. கேட்காமல் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். லாவண்யா தண்ணீரை ஒருமுறை பார்த்தாள், கையிலிருந்த உடையைப் பார்த்தாள். ஈரக் கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "போட்டுக்க. இது கீழ இழுக்காது" என்று சொல்லி, உடையை உதறி, மஞ்சுவின் கையில் கொடுத்தாள்.